அஞ்சு ஹெச்.பி. சென்னப்பன்

மைசூர் மண்டி மொஹல்லாவில் மோட்டார் பம்ப் கடைகள் ஏழெட்டு இருக்கின்றன. மற்றக் கடைகளில் நீங்கள் கேட்ட மோட்டாரைக் கொடுப்பார்கள். சென்னப்பன் கடையில் மட்டும் உங்களுக்கு எது போதுமோ அதைத்தான் கொடுப்பார். கேட்டதையே கொடு என்று அடம்பிடித்தால் டீ வாங்கிக் கொடுத்துப் பக்கத்துக் கடைக்கு வழி காட்டிவிடுவார்.

சென்னப்பனுக்கு ஐம்பத்தாறு வயது. ஹனூர்ப் பக்கம் பிறந்து, கொள்ளேகாலில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குக் காயில் சுற்றக் கற்றுக்கொண்டு, கௌரம்மாவைக் கட்டிய கையோடு மைசூருக்கு வந்து கடை போட்டவர். கடைக்கு இருபத்தெட்டு வருடம் ஆகிறது. விவசாயி யாராவது படியேறி, "ஏழரை ஹெச்.பி. ஒண்ணு வேணுங்க" என்றால் போதும், மூன்று கேள்விகள் வந்து விழும். கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது? எத்தனை ஏக்கர் பாய வேண்டும்? கரண்ட் எத்தனை மணி நேரம் இருக்கும்? பதிலைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டுவார். "ஏழரை போட்டீங்கன்னா அரை மணியில கெணறு காஞ்சிரும். அப்பறம் மோட்டாரு உங்களப் பாக்கும், நீங்க மோட்டாரப் பாப்பீங்க. அஞ்சே போதும்." இதனால் அவருக்கு 'அஞ்சு ஹெச்.பி. சாவ்காரர்' என்று பெயரே நிலைத்துவிட்டது. கடைக்காரரை அந்தப் பக்கத்து ஜனங்கள் சாவ்காரர் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் போன வருடம் ஒரு வண்டி பிடித்து ஆட்டி வைத்தது.

மோட்டார்களைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோய்ப் பொருத்தித் தர ஒரு பிக்கப் வண்டி வேண்டும் என்று ரிங் ரோட்டில் இருந்த ஷோரூமுக்குப் போனார். முன்னால் குடும்பம் உட்காரலாம், பின்னால் சாமான் ஏற்றலாம், நான்கு சக்கரமும் இழுக்கும். பார்த்தார், பிடித்தது, வாங்கிவிட வேண்டியதுதான். அதோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். ஆனால் அதன் பக்கத்தில் அதே வண்டியின் அண்ணன் நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் பெரியது, உடம்பு உயரம், பாறை மேல் தாவினாலும் தாங்கும் ஷாக் அப்சார்பர், சக்கரம் கௌரம்மாவின் இடுப்புக்கு வரும். விலை பத்து லட்சம் கூடுதல்.

எட்டு மாதம் ஆகியும் அவரால் முடிவெடுக்க முடியவில்லை. செல்போனில் அந்த வண்டி பாலைவனத்தில் மணல் மேட்டைத் தாண்டிக் குதிக்கும் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மைசூர்ப் பக்கம் மணல் மேடு என்றால் தலக்காட்டில்தான். அங்கேயும் கோயிலுக்கு நடந்துதான் போகவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டி கடைக்கு முன்னால் நுழையுமா என்று பார்க்க டேப்பை எடுத்துத் தெருவை அளந்தார். தெருவை அகலப்படுத்தக் கடைகளை இடிக்கப்போகிறார்கள் என்று புரளி கிளம்பி, எதிர்க்கடைக்காரர் பத்து வருடமாக நீட்டி வைத்திருந்த தகரக் கூரையைத் திங்கட்கிழமையே கழற்றிவிட்டார். மண்டி மொஹல்லாவுக்கு அந்த வண்டியால் விளைந்த நன்மை இதுவரை அது ஒன்றுதான்.

விஜயநகர் வீட்டில் கௌரம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "ஏனுங்க, வாங்கறதுன்னா வாங்கித் தொலைங்க, இல்லைன்னா உட்டுத் தொலைங்க. சோத்துல கை வெச்சுக்கிட்டு டர்போ டர்போங்கறீங்க. கொழம்பு ஆறிப்போகுது."

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். சென்னப்பனை உண்மையில் அரித்தது வேறு. ஊருக்கெல்லாம் அஞ்சு போதும் என்று சொன்ன வாய், தனக்கு மட்டும் ஏழரை வாங்கினால் நாளைக்கு எந்த விவசாயி மதிப்பான்? ஆனால் அந்த வண்டியை நினைத்தாலே நெஞ்சு படபடவென்று அடித்தது. இந்த வயதில் இப்படி ஒரு பொருளுக்கு ஆசைப்படுவது அவருக்கே வெட்கமாக இருந்தது.

கடைசியில் ஒரு யோசனை வந்தது. பசவராஜ் என்று ஹனூரிலிருந்து ஒரு வாடிக்கைக்காரர். சொந்த டிராக்டர் ஓட்டுகிறவர், அந்தப் பக்கத்துப் பாதையெல்லாம் தெரிந்தவர், முகத்துக்காகப் பேசாதவர். அவர் ஒரு நாள் மோட்டாரில் தண்ணீர் கசியாமல் அடைக்கும் சீல் வாங்க வந்தபோது சென்னப்பன் விடாமல் ஷோரூமுக்கு இழுத்துக்கொண்டு போனார். டிராக்டர்காரன் அந்தச் சக்கரத்தைப் பார்த்தால் கட்டாயம் மயங்குவான், 'இதையே எடுங்க சாவ்காரே' என்பான், பழி அவன் தலையில் போகும் என்பது கணக்கு. விஷயத்துக்கு ஒரு முடிவு வருவதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று கௌரம்மாவும் கிளம்பி வந்தாள்.

ஷோரூமில் சுசித்ரா என்ற பெண்தான் விற்பனை. எட்டு மாதத்தில் சென்னப்பனுக்கு அவள் பதினோரு முறை வண்டியைக் காட்டியிருக்கிறாள். "வாங்க ஸார், இன்னிக்காவது முடிச்சிடலாம்தானே?" என்று சாவியைக் கொடுத்தாள்.

கௌரம்மா பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டுப் பெரிய வண்டியில் ஏறினாள். ஷோரூமுக்குப் பின்னால் கொட்டி வைத்திருந்த மண்மேட்டில் வண்டி உறுமிக்கொண்டு ஏறி, மறுபக்கம் இறங்கி நின்றது. கௌரம்மா கண்ணை மூடி மாதேஸ்வர சாமியைக் கூப்பிட்டாள். சென்னப்பன் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

பசவராஜ் மட்டும் சிரிக்கவில்லை. இறங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சக்கரத்தைக் காலால் உதைத்துப் பார்த்தார்.

"சாவ்காரே, ஒரு மூணு சங்கதி கேக்கட்டுங்களா?"

"கேளு" என்றார் சென்னப்பன்.

"எங்க பக்கம் மாசத்துல எத்தனை நாளு வருவீங்க?"

"ரெண்டு நாளு. மூணுன்னு வெச்சுக்கயேன்."

"மத்த நாளு வண்டி எங்க நிக்கும்?"

"வீட்டு முன்னால."

"எங்கூர்ப் பாதையில இந்த வண்டிய அது போற வேகத்துக்கு உட்டா, பின்னால கட்டுன மோட்டாரு எங்க இருக்கும்?"

சென்னப்பன் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "பள்ளத்துல கெடக்கும்" என்றார்.

"அப்பறம் என்னத்துக்குங்க இது? சின்னதே போதும்."

சுசித்ரா பதறிப்போனாள். "ஸார், ஸ்வல்ப, கொஞ்சம் யோசிங்க ஸார். ஃபீலிங்னு ஒண்ணு இருக்கில்ல?"

"இல்லம்மா, அவன் சொல்றது ஞாயந்தான். சின்னதே எழுதிக்க" என்றார் சென்னப்பன்.

ஃபாரம் வந்தது, காபியும் வந்தது. "கலர் ஸார்? வெள்ளையா, சாம்பலா?" என்று கேட்டாள் சுசித்ரா. "ஏதோ ஒண்ணு" என்றார் சென்னப்பன். ஒரு சட்டை எடுக்க மூன்று கடை ஏறி இறங்குகிற மனிதர். கௌரம்மா காபியைக் குடிக்காமல் அவர் முகத்தையே பார்த்தாள்.

பேனாவைத் திறந்த சென்னப்பனுக்கு ஓர் ஆறுதல் வார்த்தை தேவைப்பட்டது. "ஏம்ப்பா, உனக்கு நான் குடுத்த அஞ்சு ஹெச்.பி. எப்படி ஓடுது?"

"தங்கமா ஓடுதுங்க. ஒம்பது வருசத்துல ஒருக்காக்கூட காயில் போகலை. நீங்க சொன்னது நூத்துக்கு நூறு." பசவராஜ் காபியை ஒரு வாய் குடித்தார். "ஆனா பக்கத்துத் தோட்டத்துக்காரன் ஏழரை போட்டிருக்கான். அது தண்ணி எடுக்கறப்ப வர்ற சத்தம் இருக்குதுங்களே, இன்னிக்கும் வேலைய உட்டுப்போட்டு நின்னு கேப்பனுங்க. அரை மணியில அவன் கெணறு காஞ்சிரும், அது எனக்குத் தெரியும். இருந்தாலும் நின்னு கேப்பேன்."

"அவ்வளவு ஆசைன்னா அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க கேக்கலைங்களே. தண்ணி எத்தனை அடின்னு கேட்டீங்க, ஏக்கரு கேட்டீங்க, கரண்டு கேட்டீங்க."

சென்னப்பனுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடமாக ஐந்து ஹெச்.பி.யோடு படியிறங்கிப் போனவர்கள் எல்லாரும் மனம் குளிர்ந்து போனதாகவே நினைத்திருந்தார். எத்தனை பேர் எந்தெந்த வரப்பில் நின்று பக்கத்துத் தோட்டத்துச் சத்தத்தைக் கேட்கிறார்களோ! அவர்களை நினைத்துப் பாவமாக இருந்தது. தன்னை நினைத்து அதைவிடப் பாவமாக இருந்தது. பேனாவைக் கீழே வைத்தார். ஆனால் பெரியதைக் கொடு என்று சொல்ல நாக்கு புரளவில்லை.

கௌரம்மா டம்ளரை மேஜையில் வைத்தாள். "ஏம்மா, அந்தக் காயிதத்தக் கிழிச்சுப்போட்டுப் பெருசே எழுதும்மா."

"கௌரி, ஞாயமாப் பாத்தா..."

"ஞாயத்தைக் கடையில பாருங்க. இந்தண்ணன் ஒம்பது வருசமா நின்னு ஏங்கறாருன்னா அவுரு தோட்டத்துல நிக்கறாரு. நீங்க எம் வீட்டுக்குள்ளல்லவா நிப்பீங்க? இந்த மூஞ்சிக்கு ஒம்பது வருசம் என்னால சோறு போட முடியாது."

சுசித்ரா காத்திருக்கவில்லை. பழைய ஃபாரத்தைக் கிழித்துப் புதியதை நீட்டினாள். சென்னப்பன் கையெழுத்துப் போட்டார். கலரை முடிவு செய்ய மட்டும் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார்.