தங்கச்சிக்கு ஒரு மோதிரம்

என் நிச்சயதார்த்தத்துக்கு மோதிரம் பார்க்க வவுனியாவில் ஒரு நகைக்கடைக்குப் போயிருந்தேன். பக்கத்துக் கதிரையில், முப்பத்தைந்து வயதைத் தாண்டிய ஓர் அக்கா இருந்தார். நெடுங்கேணியிலிருந்து வந்தவராம். வெயிலில் கறுத்த முகம், வெடித்த விரல்கள். ஒவ்வொரு மோதிரத்தையும் தன் விரலில் போட்டு, சேலைத் தலைப்பில் உரசிப் பார்த்தார். நூல் இழுபட்டால் கழற்றி வைத்தார்.

"கல்லு உயர்ந்து நிண்டால் உடுப்பிலை கொழுவும், பிள்ளை. பதிஞ்ச கல்லாப் பாருங்கோ," என்று எனக்கும் சொன்னார்.

"உங்களுக்கோ அக்கா?"

"இல்லை, தங்கச்சிக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே அளவு."

"அவாவையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே?"

"வெயிலுக்கை திரிஞ்சால் கறுத்துப்போவாவாம். மாப்பிள்ளையின்ரை தாய் வெளியிலை விட வேண்டாமெண்டவா." மோதிரத்தைத் திருப்பிப் பார்த்தபடியே தொடர்ந்தார். "முதல் என்னைப் பாக்கத்தான் வந்தவை. தேத்தண்ணி கொண்டுவந்த தங்கச்சியைப் பிடிச்சுப்போச்சு. தாய் தேப்பன் இல்லாத பிள்ளையை வயல் செய்து வளர்த்தனான். கறுக்காமல் என்ன செய்யிறது?"

கடைசியாகப் போட்ட மோதிரம் விரல் மொளியில் இறுகிவிட்டது. கடைக்காரர் சவர்க்காரத் தண்ணீர் எடுக்கப் போனார். அக்கா காத்திருக்கவில்லை. தோல் உரிய இழுத்துக் கழற்றினார்.

"என்ரை மொளிதான் தடிச்சுப்போச்சு. அவாவுக்குச் சரியா இருக்கும். இதையே தாங்கோ."

எழும்பும்போது, நான் போட்டுப் பார்த்த பதிந்த கல் மோதிரத்தைப் பார்த்து, "வடிவாயிருக்கு. சந்தோசமா இருங்கோ, பிள்ளை," என்றார்.

வீட்டுக்குப் போய் அந்த மோதிரத்தைக் கொடுக்கும்போது, தங்கையிடமும் அந்த அக்கா 'சந்தோசமா இரு' என்று சொன்னாரா என்று எனக்குத் தெரியாது.