நாங்க ரொம்ப மாடர்ன்

சிவப்புத் தரைக்குப் பூசிய பொலிஷ் வாசமும் கட்லட் பொரிக்கும் வாசமும் சேர்ந்து வந்தால், எனக்கு இன்றைக்கும் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ஞாபகம் வரும்.

அப்போது நாங்கள் கண்டியில், டவுனுக்கு மேலே மேட்டில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு மாநகர சபையில் கிளார்க் வேலை. நான் பள்ளிக்கூடத்தில் ஓ லெவல் படித்துக்கொண்டிருந்தேன். வசந்தி அக்கா பல்லேகலையில் ஒரு ஃபேக்டரி ஆபீஸில் வேலை பார்த்தாள். அதே ஆபீஸில் ரவீந்திரன். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய், ஒரே பஸ்ஸில் வந்து... மிச்சத்தை நான் சொல்ல வேண்டுமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை ரவீந்திரன் தன் அம்மா அப்பாவோடு பெண் கேட்டு வருவதாக இருந்தது.

"அவங்க வீட்டுல எல்லாரும் மாடர்ன்ப்பா. ஸ்பூன், ஃபோர்க்லதான் சாப்பிடுவாங்க" என்று அக்கா சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், வீடே ஆட்டம் கண்டுவிட்டது. பக்கத்து வீட்டு ஃபரீதா மாமியிடம் முள்ளுக்கரண்டி இரவல் வாங்க என்னைத்தான் அனுப்பினார்கள்.

மாமி அலுமாரியைத் திறந்துகொண்டே கேட்டார். "மாடர்ன் ஆக்கள் எண்டா அவங்களுக்கு கை இல்லையா புள்ள?"

நான் சிரித்தேன். அக்காவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

வந்தார்கள். ரவீந்திரனின் அம்மாவுக்குத் தோளளவு வெட்டிய முடி. பூ வைத்துக்கொள்ளவில்லை. கதிரையில் உட்கார்ந்த உடனேயே சொன்னார்.

"நாங்க ஜாதகம், ஜாதி ஒண்ணும் பாக்கிறதில்லைங்க. நாங்க ரொம்ப மாடர்ன்."

அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! காலையிலிருந்து முறுக்கிக்கொண்டிருந்த மனுஷன், அப்படியே இளகிப் போனார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். கட்லட் வந்தது. பேச்சு வந்தது. மழை, பஸ், சாமான் விலை எல்லாம் பேசினார்கள்.

பிறகு ரவீந்திரனின் அப்பா தேத்தண்ணீரைக் கலக்கிக்கொண்டே, சும்மா கேட்பதுபோல, "ஆமா, உங்க பூர்வீகம் இந்தியாவுல எந்தப் பக்கம்?" என்றார்.

மலையகத்து எங்கள் ஆட்களிடம் இது ஒரு வித்தை. ஜாதி என்ன என்று வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். இந்தியாவில் எந்த ஊர், குலதெய்வம் எது என்று கேட்பார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மூன்றாவது தானாக வந்துவிடும்.

அப்பாவுக்கும் அது தெரியும்.

"புசல்லாவைங்க" என்றார்.

"அது சரி... அதுக்கு முன்னால?"

"அதுக்கு முன்னால கப்பல்ல வந்திருப்பாங்க. வந்தவங்க தேயிலைதான் நட்டாங்க. ஊரு பேரை எல்லாம் யாருங்க ஞாபகம் வச்சிருக்கா?"

ரவீந்திரனின் அம்மாவும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்சம் காத்து வாங்கிவிட்டு வருகிறோம் என்று வாசலுக்குப் போனார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மலையைப் பார்த்தபடி குசுகுசுவென்று ஒரே பேச்சு. உள்ளே ரவீந்திரன் தேத்தண்ணீர்க் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதில் மெதுவாக வந்தது. பழக்கவழக்கம் ஒத்துவராதாம்! அதற்குள் ரவீந்திரன் வேறு பஸ்ஸுக்கு மாறிவிட்டிருந்தான்.

அக்கா பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்காது என்று நினைத்தாள். கேட்டது. அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அப்பா பேப்பரைத் திருப்பினார். எனக்கு அவர்கள் மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அன்றைக்கு இந்த மாடர்ன் என்ற சொல்லின் மேல் விழுந்த சந்தேகம் இன்னும் போகவில்லை. யாராவது தங்களை மாடர்ன் என்று சொல்லிக்கொண்டால், அடுத்து என்ன வரப்போகிறதோ என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் இருப்பேன். நிஜமாகவே அப்படி இருக்கிறவர்கள் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை... நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

சரி, போன மாதம் நடந்த ஒரு கதையையும் சொல்கிறேன்.

அக்காவுக்குப் பிறகு நல்ல இடத்தில் கல்யாணம் நடந்தது. அவள் மகள் நிலானிக்குக் கண்டியிலேயே ஐடி வேலை. கூட வேலை செய்து கொழும்புக்கு மாறிப்போன ஒரு பையனைப் பிடித்திருந்தது. அவன் வீட்டாரோடு முதல் பேச்சு வீடியோ கோலில். லேப்டாப்புக்கு முன்னால் அக்கா, நான், நிலானி. அந்தப் பக்கம் பையனும் அம்மா அப்பாவும்.

"நாங்க ஜாதகம்கூட பாக்கிறதில்ல. ரொம்ப மாடர்ன் ஃபேமிலி" என்றார் அந்த அம்மா.

மேசைக்கு அடியில் அக்கா என் கையைக் கிள்ளினாள். வலித்தது!

வேலை, சம்பளம், பல்லேகலை கிரிக்கெட் மேட்ச் எல்லாம் பேசி முடிந்து, கடைசியில்...

"ஆமா, உங்க பூர்வீகம் இந்தியாவுல..."

"புசல்லாவைங்க. தேயிலைத் தோட்டம்" என்றாள் அக்கா. கேள்வியை முடிக்கவே விடவில்லை.

அந்தப் பக்கம் சத்தம் நின்றது. ஆனால் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"மியூட் போட்டுட்டாங்கம்மா" என்றாள் நிலானி.

பையன் நடுவில் குனிந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தான். நிலானி அவனையே பார்த்தாள். அவன் நிமிரவில்லை. இவள் கையை நீட்டி கோலைக் கட் பண்ணினாள்.

"ஏன்டி?" என்றாள் அக்கா.

"ஒரு வார்த்தை பேசுவான்னு பாத்தேன்மா."

எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றைக்கு எங்களிடம் கட் பண்ண ஒன்றும் இருக்கவில்லை. காலம் மாறித்தான் விட்டதோ என்றுகூட நினைத்தேன். அதற்குள் நிலானி எழுந்து போய்விட்டாள். பாத்ரூமில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

அக்கா ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள்.

"குழாயை மூடிட்டு வெளிய வாடி. வந்து எங்க முன்னால அழு."

அந்த மேட்டு வீட்டில் அப்படி ஒரு கதவைத் தட்ட அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.