கலங்கல் மேல் ஒன்றரை அடி

பச்சமுத்துவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் நெல்லித்தாங்கல் ஏரியில் இன்னும் எத்தனை நாள் தண்ணீர் இருக்கிறது என்று மதகுப் படியில் இறங்கிக் காலை நனைத்தே சொல்லிவிடுவான். ஐந்தாம் படியில் முழங்கால் நனைந்தால் நாற்பது நாள். கணுக்கால்தான் நனைகிறது என்றால் நாற்று விட நினைப்பவன் யோசித்துக்கொள்ள வேண்டும். உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி மேற்கே நடந்தால் வரும் அந்த ஊரில் முப்பத்தொன்பது வீடுகளுக்கு ஏரிப் பாசனம். யாருக்கு எந்த நாள் தண்ணீர், எந்த வாய்க்காலை எப்போது அடைப்பது, எப்போது திறப்பது எல்லாம் நீர்க்கட்டியின் வேலை. அவன் அப்பன் நீர்க்கட்டி, அப்பனுக்கு அப்பனும் நீர்க்கட்டி. அப்பன் செத்தபோது பச்சமுத்துவுக்குப் பத்தொன்பது வயது. காரியம் முடிந்த மறுநாளே மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கரைமேல் ஏறியவன்தான். அறுவடையில் களத்துக்குக் களம் அவனுக்கென்று கொஞ்சம் நெல் ஒதுக்குவார்கள். கலங்கலில் துள்ளி விழும் மீனும் அவனுக்கு. அவனுக்கென்று சொந்தமாக ஒரு வயல் கிடையாது. ஊர் வயல் முழுவதும் தன்னுடையது என்கிற மாதிரி நடப்பான். அது அவன் குடியிருந்த காலனியில் சிலருக்குச் சிரிப்பு, சிலருக்கு எரிச்சல்.

கலங்கல் என்பது ஏரியின் வடகோடியில் கரையைவிடத் தாழ்வாகக் கட்டிய கல்வரிசை. ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் அதன்மேல் வழிந்து ஓடையில் போய்விடும். அந்தக் கல்வரிசைமேல் ஒன்றும் வைக்கக் கூடாது என்பது சர்க்கார் சட்டம். கொஞ்சம் வைத்தால் பத்துநாள் தண்ணீர் கூடக் கிடைக்கும் என்பது ஊர்க்காரர்களின் ஆசை.

எண்பத்தைந்தாம் வருஷம் ஐப்பசியில் அந்த ஆசைக்கு ஆள் கிடைத்தது. ஏரிக் கமிட்டித் தலைவர் தாண்டவராயன். அவரைக் கெட்டவர் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. ஊருக்கு ரோடு போட அலைந்தவர். காலனிக்கு விளக்குக் கம்பம் வந்ததும் அவரால்தான். மாசியில் பஞ்சாயத்துத் தேர்தல் என்று பேச்சு அடிபட்டது. கடைமடை வயல்காரர்களுக்குத் தண்ணீர் எட்ட வைத்தால் ஓட்டு தானாக வரும் என்று அவர் கணக்குப் போட்டார். கமிட்டியில் அவருக்கு இடதுகை வலதுகை மாதிரி இருந்த வேதாசலத்துக்கும் எல்லப்பனுக்கும் கடைமடையில்தான் நிலம். அவர்களும் தலையாட்டினார்கள். கலங்கல்மேல் ஒன்றரை அடிக்கு மணல்மூட்டை அடுக்குவது என்று முடிவாயிற்று.

தென்கரையில் ஓர் இடத்தில் போன கோடையிலேயே எலி வளை போட்டிருந்தது, அங்கே கரை தாங்காது என்று பச்சமுத்து சொல்லிப் பார்த்தான். தலைவர் சிரித்தார். கரையைக் காப்பதுதானே உன் வேலை என்றார். எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். அவன் தெருவில் இறங்கினான். வழக்கப்படி வீட்டுக்கு ஓர் ஆள், வீட்டுக்குச் சில சாக்கு என்று கூவி அழைத்தான். மூட்டைகளைத் தன் கையாலேயே அடுக்கினான். அதுதான் பின்னால் அவனை அரித்தது.

ஐப்பசிக் கடைசியில் மழை விடாமல் அடித்தது. மூன்றாம் நாள் நண்பகலில் தென்கரை அந்த இடத்திலேயே சரிந்தது. நல்லவேளை, கரையின் மேல்பாதிதான் பிய்ந்தது, அடித்தண்ணீர் நின்றது. ஆனால் போன தண்ணீர் நேராக, ஏரிக்குக் கீழே இருந்த பக்கத்து ஊரான கீழ்ப்புத்தூருக்குள் பாய்ந்தது. ஏழு குடிசை விழுந்தது. இரண்டு உழவு மாடு போயிற்று. கதிர் வாங்கும் பருவத்தில் இருந்த பயிர்மேல் முழ ஆழத்துக்கு மணல். ஆள் ஒருவரும் சாகவில்லை என்பதைத் தவிர ஆறுதலாகச் சொல்ல ஒன்றுமில்லை. கீழ்ப்புத்தூர்க்காரர்கள் திரண்டு தாலுக்கா ஆபீசுக்குப் போனார்கள். கலங்கலை யார் உயர்த்தியது என்று கேட்டார்கள்.

அவர்களுக்கும் முன்னால் அங்கே போய் வந்தவர் தாண்டவராயன்.

அவர் கொடுத்த மனுவின் நகலை வேதாசலம் யாரையோ பிடித்து வாங்கிவந்தார். களத்துமேட்டில் நின்று பச்சமுத்துவுக்குப் படித்துக் காட்டினார். நீர்க்கட்டி பச்சமுத்து மீன் பிடிக்கும் பேராசையில் கலங்கலை மூட்டை போட்டுத் தடுத்துவிட்டான், கடைமடை நிலக்காரர்களான வேதாசலமும் எல்லப்பனும் அதற்கு உடந்தை, தலைவராகிய தனக்கு இது தெரியவே தெரியாது. அடியில் தாண்டவராயன் கையெழுத்து. வருகிற வெள்ளிக்கிழமை காலை தாசில்தார் நேரில் வந்து கலங்கலைப் பார்வையிடுகிறார் என்று கூடவே ஒரு நோட்டீசு. வேதாசலம் நகலை நாலாக மடித்தார். இருபது வருஷம் தாண்டவராயன் வண்டியில் ஏறினால் பின்னால் ஏறியவர் அவர்.

புதன்கிழமை தலைவரிடமிருந்து ஆள் வந்தது. பச்சமுத்துவைப் பம்ப்செட்டுக்கு வரச் சொல்லி. போனான். தொட்டி ஓரத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். பேசும்போது அவனைப் பார்க்கவில்லை, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் ஒரு வாரத்தில் இளைத்திருந்தது.

“தாசில்தார் வர்றதுக்கு முன்னால அந்த மூட்டைங்கள பிரிச்சி ஓடையில தள்ளிடு. கேட்டா, மீனுக்கோசரம் வெச்சேன், வேதாசலமும் எல்லப்பனும் வெக்கச் சொன்னாங்கன்னு சொல்லு. மிஞ்சிப்போனா மூணு மாசம். உன் வூட்டுக்கு நெல்லு போவும். அது என் பொறுப்பு.”

“வெக்கச் சொன்னது நீங்கதான நைனா?”

“நான் சொன்னதுக்கு எழுத்து கீதா?”

 ஜெயிலுக்குப் போய் வந்தவனுக்கு நீர்க்கட்டி வேலை இருக்குமா என்று மட்டும் பச்சமுத்து கேட்டான். அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் தலைவர். அந்த ‘அப்புற’த்தில் எல்லாம் அடங்கியிருந்தது. மூன்று மாசம் போனாலும் திரும்பி வந்துவிடலாம். மண்வெட்டி போனால் அவனுக்குத் திரும்பி வர ஓர் இடமே கிடையாது.

வீட்டில் அவன் மனைவி செங்கேணி கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் முறத்தை நிறுத்தவில்லை.

“வேதாசலத்த நீ மாட்டி வுடு. வேதாசலம் உன்ன மாட்டி வுடட்டும். அவரு ஜீப்புல ஏறிப் போவட்டும். நல்லா கீதுய்யா ஞாயம்.”

“வேற இன்னா பண்றது சொல்லு.”

“எனக்கு இன்னா தெரியும். மூட்டை உன் வூட்டு மூட்டையா? ஒரு சாக்கு கீதா நம்மகிட்ட?”

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். அவன் எழுந்து கலங்கலுக்கு நடந்தான்.

ஏரி பாதியாக வடிந்து, மழையும் விட்டிருந்ததால் கல்வரிசை தலைகாட்டியிருந்தது. மேலே மூட்டைகள், பாசி பிடித்து, அடுக்கு கலையாமல். ஒவ்வொன்றின் வயிற்றிலும் தாரில் ஒரு குறி. உத்திரமேரூர் ரைஸ்மில்லில் பத்து ஊர்ச் சாக்கு ஒன்றாகக் கிடக்கும். மாறிப்போகாமல் இருக்க வீட்டுக்கு ஒரு குறி போட்டு வைப்பது அங்கே வழக்கம். வட்டத்துக்குள் கோடு வேதாசலம் வீடு. மூன்று சாய்ந்த கீற்று எல்லப்பன் வீடு. பச்சமுத்துவுக்கு அ, ஆ தெரியாது. முப்பத்தொன்பது வீட்டுக் குறியும் தெரியும். மழைக்காலம் முடிந்ததும் மூட்டையை அவிழ்த்து அவரவர் சாக்கை அவரவரிடம் சேர்ப்பதும் நீர்க்கட்டி வேலைதானே. வேல் போட்ட சாக்கு மட்டும் பதினொன்று இருந்தது. வேல், தாண்டவராயன் வீட்டுக் குறி.

அவன் ஒரு மூட்டையையும் தொடாமல் திரும்பினான். வழியில் வேதாசலத்தையும் எல்லப்பனையும் பார்த்துத் தான் செய்யப்போவதைச் சொன்னான். எல்லப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“மூணு பேரு மாட்டினது பத்தாதா? வூரு மொத்தத்தையும் இழுத்து வுடப் பாக்குறியா?”

“எனக்கு ஒருத்தனுக்குக் கேசு வந்தா யாரு பேசுவா நைனா? நாளைக்கு உங்க ரெண்டு பேருக்கு வந்தா யாரு பேசுவா? வூருக்கே வந்தா வூரு பேசும்.”

 பச்சமுத்துவின் மேலேயே எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் தப்பிக்கலாமென்று தானும் நேற்று நினைத்ததுண்டு என்று வேதாசலம் சொன்னார். அதைச் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. சொல்லிவிட்டு, என் சாக்கை நானே வந்து எடுக்கிறேன் என்றார். எல்லப்பன் முனகினார், ஆனால் எதிர்க்கவில்லை.

வியாழக்கிழமை மாலை பச்சமுத்து தெருவில் வழக்கம்போலக் கூவிக்கொண்டு போனான். நாளைக் காலையில் கலங்கல் பிரிக்கிறேன், வீட்டுக்கு ஓர் ஆள் வந்து உங்கள் உங்கள் சாக்கை வாங்கிக்கொண்டு போங்கள். அவ்வளவுதான். பொய் ஒன்றும் இல்லை. நாளைக்குத் தாசில்தார் வருகிறார் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் கேசு பச்சமுத்து மேல், சாக்கு நம்முடையது. இரண்டுக்கும் நடுவே ஒரு கயிறு ஓடுகிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மாசியில் அறுவடை. சாக்கில்லாமல் நெல்லை எதில் கட்டுவது? அதுதான் அவர்களுக்கு இருந்த கவலை.

வெள்ளிக்கிழமை ஜீப் வந்து நின்றபோது கலங்கல் ஓரத்தில் ஊரே நின்றது. கீழ்ப்புத்தூர்க்காரர்களும் பத்துப் பேர் வந்திருந்தார்கள். தாண்டவராயன் வெள்ளைத் துண்டைச் சரிசெய்துகொண்டு தாசில்தார் பக்கத்தில் போய் நின்றார். மூட்டைகள் இன்னும் அப்படியே இருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டியது. சமாளித்துக்கொண்டார்.

“பாருங்க சார், அடுக்கி வெச்சிக்கினு கீறான். இவன்தான்.”

தாசில்தார் நடுவயதுக்காரர், திருச்சிப் பக்கம். நீயா வைத்தாய் என்று கேட்டார்.

“வெச்சது என் கைதாங்க. நான் வெச்சிருக்கக் கூடாது. கரை தாங்காதுன்னு தெரிஞ்சும் வெச்சேன்,” என்றான் பச்சமுத்து. அதைக் கீழ்ப்புத்தூர்க்காரர்களைப் பார்த்துச் சொன்னான். பிறகு கல்வரிசைமேல் ஏறி முதல் மூட்டையை அவிழ்த்தான். மணலைக் கொட்டிச் சாக்கை உதறிப் பிடித்தான்.

“வட்டத்துல கோடு.”

“என்னுது,” என்று வேதாசலம் முன்னால் வந்தார்.

“மூணு கீத்து.”

எல்லப்பன் வந்தார். அடுத்தது ஏணிக் குறி, கிருஷ்ணசாமி வீடு. கிருஷ்ணசாமி தயங்காமல் வந்து, நாலு சாக்கு இருக்க வேண்டும், இது மூன்றுதானே என்று தகராறும் செய்தார். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டினார்கள். தாசில்தாரின் குமாஸ்தா முதலில் வேடிக்கை பார்த்தார், பிறகு பேர் எழுத ஆரம்பித்தார், இருபதுக்கு மேல் பேனாவை மூடிவிட்டார். ஏன் பேர் எழுதுகிறார்கள் என்று உறைத்தபோது பாதி ஊர் சாக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தது.

“வேலு.”

யாரும் வரவில்லை. தாண்டவராயன் ஏரியைப் பார்த்தார். கூட்டத்தில் பின்னாலிருந்து அவர் மனைவி தேவகி வந்தாள். வீட்டு வேலைக்காரனை நம்பாமல் தானே வந்திருந்தாள், அவள் சாக்குக்கு அவ்வளவு கறார்.

“எங்குளுது பதினொண்ணு. இவரு எண்ணித்தான் குடுத்தாரு. கிழிக்காம எடு பச்சமுத்து,” என்றாள்.

யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். தாசில்தார் தாண்டவராயனின் மனுவை ஃபைலிலிருந்து எடுத்து, ஒருமுறை படித்து, அவரையே ஒருமுறை பார்த்து, மடித்துப் பையில் வைத்தார்.

முப்பத்தொன்பது வீட்டின்மேலும் கேசு போட முடியாது என்பதை அவர் அங்கேயே சொல்லிவிட்டார். ஆனால் விட்டுவிடவும் இல்லை. உடைந்த கரையை ஊரே மண் சுமந்து மார்கழி முடிவதற்குள் கட்ட வேண்டும். கீழ்ப்புத்தூர் வயல்களில் மணல் அள்ளித்தர வேண்டும். விழுந்த குடிசைக்கு ஓலையும் மூங்கிலும் தர வேண்டும். யாராவது மறுத்தால் அப்புறம் பேர் எழுதிய காகிதம் இருக்கிறது என்றார். பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். கீழ்ப்புத்தூரிலிருந்து வந்த செட்டு என்கிற கிழவர், மாடு போனவர், மாட்டுக்கு என்ன வழி என்று கேட்டார்.  வேதாசலம், என் வீட்டு ஜோடியை இந்த உழவுக்கு ஓட்டிக்கொண்டு போங்கள் என்றார். போதாதுதான். ஆனாலும் கிழவர் தலையசைத்தார்.

மார்கழி முழுக்க ஊர் மண் சுமந்தது. காலனியும் தெருவும் ஒரே வரிசையில் கூடை கைமாற்றின. அது அந்த ஊருக்குப் புதுசு. எங்கே மண் கொட்டுவது, எங்கே மிதிப்பது என்று பச்சமுத்து சொல்ல, தலைப்பாகை கட்டிய ஆட்கள் கேட்டார்கள். கிருஷ்ணசாமி காணாமல் போன நாலாவது சாக்கைப் பற்றி அப்போதும் பேசிக்கொண்டிருந்தார். தாண்டவராயன் வரவில்லை. ஆனால் கூலிக்கு இரண்டு ஆள் அனுப்பினார். தேர்தலுக்கும் அவர் நிற்கவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொண்டார்கள்.

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் காலை பச்சமுத்து மதகைத் திறந்தான். அடியில் நின்ற பாதித் தண்ணீரில் பயிரைக் கரையேற்றிவிடலாம் என்று படியில் கால் வைத்தே சொல்லியிருந்தான். முதல் தண்ணீரை வழக்கமாகத் தலைமடைக்குத்தான் விடுவார்கள். அன்றைக்கு அவன் ஓடை வாய்க்காலை வெட்டி, மணல் அள்ளிய கீழ்ப்புத்தூர் வயலுக்கு ஒரு பகல் விட்டான். கமிட்டியைக் கேட்கவில்லை. எல்லப்பன் பார்த்துக்கொண்டேயிருந்தார். வாய்க்காலில் அடைத்திருந்த தழையைத் தானே காலால் தள்ளிவிட்டுப் போனார்.

வெயில் ஏறும்போது தாண்டவராயன் வரப்பில் வந்து நின்றார். இரண்டு மாசத்தில் முதல்முறை. அவர் வயல் வெடித்திருந்தது. அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாய் எடுத்து, நிறுத்திக்கொண்டார்.

“நாளைக்கு உங்க மொறதாங்க,” என்றான் பச்சமுத்து. “விடியறதுக்குள்ள வரப்ப கட்டி வைங்க. ஒரு பகலு முழுசும் உங்களுக்குத்தான். கொறைக்க மாட்டேன்.”

தாண்டவராயன் தலையசைத்துவிட்டு நடந்தார். பச்சமுத்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, தண்ணீர் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க வாய்க்கால் ஓரமாகக் கீழ்ப்புத்தூர் பக்கம் இறங்கினான்.