படிவம் இல்லாத ஊசி

நில அலுவலகத்தில் நான் வேலை பார்த்த காலத்தில், செத்தவர் நிலத்தை வாரிசுக்கு மாற்றுவதென்றாலும் மூன்று பிரதி இல்லாமல் கோப்பை நகர்த்த மாட்டேன். அதனால் எண்பதுகளின் தொடக்கத்தில், ஈப்போவில் ஒரு சிறிய பிரசவ விடுதியில் மகள் பிறந்த அரை மணி நேரத்தில் தாதி வந்து, "வைட்டமின் கே ஊசி போடணும், சரிதானே அண்ணே?" என்று கேட்டபோது, நான் படிவத்தைத்தான் தேடினேன்.

"போராங் எங்க மிஸ்ஸி?"

"போராங்லாம் இல்லை. நீங்க சரின்னா போட்டுடலாம்."

"நல்லா இருக்கிற பிள்ளைக்கு ஊசி எதுக்கு? நாளைக்குச் சொல்றேன்."

"ஏண்ணே, இவ போராங் நிரப்பிட்டா பொறந்தா?"

உண்மையில் படிவம் என் பயத்துக்கு ஒரு திரை. பிள்ளையின் தொடை என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம்தான் பருமன். அதில் ஊசி இறங்குவதை என்னால் பார்க்க முடியாது. அதை ஒப்புக்கொள்ள அரசு ஊழியருக்கு எந்த விதியும் இல்லை.

தாதி என்னை விட்டுவிட்டு என் மனைவியிடம் பேசினார். ரத்தம் உறைய இந்தச் சத்து வேண்டும். பிறக்கும் பிள்ளையிடம் அது மிகக் குறைவு, தாய்ப்பாலிலும் போதாது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சிலருக்கு முதல் சில வாரங்களில் தொப்புளிலோ மூளைக்குள்ளோ ரத்தம் கசியும். பிறகு நிறுத்துவது கஷ்டம்.

என் மனைவி ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடம் போகுமுன் அம்மாவோடு பால்மரம் சீவியவள். சீவிய கோட்டில் கடைசியாக வடியும் பால் அங்கேயே காய்ந்து, நாடாபோல ஒட்டிக் காயத்தை மூடிவிடும். மறுநாள் அதை உரித்துவிட்டுத்தான் மரத்தில் கத்தி வைப்பார்கள். கோட்டுப்பால் என்பார்கள்.

"கோட்டுப்பால் ஒட்டாத மரம் மாதிரி," என்றாள். "மூடாம வடிஞ்சுகிட்டே இருக்கும். அப்படித்தானே மிஸ்ஸி?"

தாதி ஒரு நொடி அவளையே பார்த்தார். "அப்படியேதான்க்கா."

அப்போதுதான் அவள் எனக்கு அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"என் தம்பி அஞ்சாம் நாள் தொப்புள்ல ரத்தம் வந்து போயிட்டான். மஞ்சள் வச்சுக் கட்டுனாங்க, நிக்கவே இல்ல. திஷ்டின்னாங்க."

அவன் இறந்தது இதனால்தானா என்று யாருக்கும் தெரியாது. அவனுக்குக் கோப்பு இல்லை. பெயர்கூட வைத்திருக்கவில்லை.

"போடுங்க மிஸ்ஸி," என்றாள். என்னைக் கேட்கவில்லை. முடிவான கோப்பில் பரிந்துரை எழுதுவதுபோல நானும் "சரி" என்றேன்.

ஊசி இறங்கியது. மகள் அறை அதிர அழுதாள். தொடையில் கடுகளவு சிவப்புத் துளி ஒன்று எழுந்து நின்றது. தாதி என் கையில் பஞ்சைத் திணித்தார்.

"கையெழுத்துத்தானே போடணும் உங்களுக்கு? இங்க அமுக்குங்க."

அமுக்கினேன். எடுக்கப் பயந்து நெடுநேரம் நின்றேன்.

"எடுங்க லா அண்ணே, பிள்ளை ஓடிட மாட்டா."

எடுத்தேன். ரத்தம் நின்றிருந்தது.

"மருந்து அதுக்குள்ள வேலை செஞ்சிடுச்சா?"

"அதுக்கு நேரமாகும்ண்ணே. நீங்க அமுக்குனீங்க, மிச்சத்தை அவளே பாத்துக்கிட்டா."

உலகத்துக்கு வந்து ஒரு மணி நேரம் ஆகவில்லை. யாரிடமும் அனுமதி கேட்காமல், தன்னிடமிருந்த கொஞ்சத்தை வைத்துக்கொண்டு, தன் முதல் காயத்தை மூடிவிட்டிருந்தாள்.

என் மனைவி கை நீட்டி அந்த இடத்தை விரல்நுனியால் தொட்டாள். பிறகு விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். காய்ந்திருந்தது. மறுபடியும் தொட்டுப் பார்த்தாள்.