லேப்டாப்பைக் காப்பாற்றிய மூக்கு

ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் மொத்தக் கடை, அதன்மேல் வீடு, பட்டம் வாங்கிய மகள். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் உண்டாக்கியவை இவை.

அன்று மகள் புது லேப்டாப்பில் கழக்கூட்டத்து கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாள். ஐந்து மணிக்குக் கெடு. விலை குறைந்த சாமான்தான்; ஆனாலும் மிளகாய்த் தூசி ஏறக்கூடாதென்று மனைவி அடிப்பக்கக் காற்றுத் துளைகளை மூடிப் பாலிதீன் சுற்றியிருந்தாள். பாதி எழுதும்போதே காந்தல் நாற்றம் வந்தது.

சிறுவயதில் எங்கள் வால்வு ரேடியோவுக்கும் அம்மா பூத்தையல் உறை போட்டிருந்தாள். அதுவும் இப்படிக் காந்தியபோது நான்தான் உறையை இழுத்துக் கிழித்தேன். ரேடியோ பிழைத்தது, உறை போனதற்கு அப்பா அடித்தார்.

பாய்ந்து பாலிதீனைக் கிழித்தேன்.

"புதுச எதுக்கு கிழிக்கிய?" என்று மனைவி கத்தினாள்.

"அம்மே, சும்மா இரி. தொட்டுப் பாரு, எந்து சூடு!" என்றாள் மகள்.

விண்ணப்பம் நேரத்துக்குப் போய்விட்டது. வேலை கிடைத்தால் காரணமாக அவள் படிப்பைச் சொல்லுங்கள். என் மூக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்.