சமையற்காரனின் வெட்டுக்கத்தி

பன்றி வெட்டுவது, வேகவைப்பது, திட்டு வாங்குவது. கோட்டைச் சமையற்காரன் ரிவாலின் பிழைப்பு இவ்வளவுதான். ஒருவனுக்கு வீரப்பட்டம் கட்டும் நாளில் மட்டும் அவனுக்கும் கொஞ்சம் மரியாதை உண்டு. புதுவீரன் தேவாலயத்தை விட்டு வெளியே வரும்போது வாசலில் மறித்து, கறி வெட்டும் கத்தியைத் தூக்கிக் காட்டி, மானம் தவறினால் குதிரையைத் தட்டி ஓட்ட உன் குதிகாலில் கட்டியிருக்கும் பொன்முள்ளை இதே கத்தியால் வெட்டி எறிவேன் என்று சொல்ல வேண்டும். எல்லோரும் சிரிப்பார்கள். ஒரு கிண்ணம் நல்ல மது கிடைக்கும்.

புதுவீரன் ஜுதிக்கேலிடமும் அப்படித்தான் சொன்னான். அவன் சிரிக்கவில்லை.

"தப்பு பண்ணா கண்டிப்பா வெட்டுங்க," என்றான்.

சமையற்காரனுக்கு மரியாதை கொடுத்துப் பேசிய வீரன் அவன் ஒருவன்தான்.

அந்த அறுவடையில் ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் தானியம் தர மறுத்தார்கள். ஊரையே களஞ்சியத்தில் அடைத்துக் கொளுத்தச் சொன்னார் கோட்டைப் பிரபு. கதவுக்குக் காவல் நின்ற ஜுதிக்கேல் அதைத் திறந்துவிட்டான். கடைசிக் குழந்தை ஆற்றைக் கடக்கும்வரை, கூட வந்த வீரர்களுக்கு எதிரே வாளோடு தனியாக நின்றான். தப்பியவர்களில் ரிவாலின் தங்கை அசெனோரும் அவள் கைக்குழந்தையும் இருந்தார்கள்.

பிரபு அதற்குக் கோழைத்தனம் என்று பெயர் வைத்தார். பட்டத்தைப் பறிக்க ரிவாலைக் கூப்பிட்டார்கள். கை சுளுக்கிக்கொண்டது என்று அவன் சொல்லிப் பார்த்தான்.

"வலிக்குற கை எதுக்குடா? எடுத்துடலாமா?" என்றார் பிரபு.

ரிவால் கத்தியோடு முற்றத்துக்கு வந்தான். ஜுதிக்கேல் தானே காலை எடுத்துக் கட்டையின் மேல் வைத்தான். ரிவால் குனிந்தபோது ஜுதிக்கேல் மெதுவாகக் கேட்டான்.

"உங்க தங்கச்சி நல்லாருக்காளா?"

ரிவால் கத்தியை ஓங்கினான். வெட்டினான். மாட்டெலும்பை ஒரே போடில் பிளக்கிற கைக்கு பொன்முள்ளைக் கட்டியிருந்த தோல்வாரை அறுக்க மூன்று போடு வேண்டியிருந்தது. ஜுதிக்கேலை வெறுங்காலோடு வெளியே துரத்தினார்கள். பனியில் எங்கோ செத்துக் கிடந்தான் என்று பிறகு சேதி வந்தது.

ரிவால் தங்கைக்குப் பன்றிக்கறி கொண்டுபோனான். அவள் வாசலிலேயே நின்றாள்.

"எந்தக் கத்தியில வெட்டினே அண்ணே?"

அவனிடம் இருந்தது ஒரே கத்திதான். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். வெட்கக்கேடு, அதன் பிறகும் அவன் கோட்டைக்குத் திரும்பி வந்து அந்தக் கறியைத் தானே தின்றான்.

வசந்தத்தில், களஞ்சியத்துக்குத் தீ வைக்கப் பந்தம் பிடித்து நின்ற பிரபுவின் மருமகனுக்குப் பட்டம் கட்டினார்கள். ரிவால் தேவாலய வாசலில் கத்தியைத் தூக்கினான். மானம் என்ற சொல் வந்ததும் நிறுத்தினான். கூட்டம் காத்திருந்தது. பிரபு அவன் கையைப் பார்த்தார்.

ரிவால் சொல்லி முடித்தான். எல்லோரும் சிரித்தார்கள். மது வந்தது. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தான்.