கரவனில் பொங்கிய பால்

அந்தப் பண்ணைக்காரி மீது எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. என் மீதும்தான்.

அப்போது எனக்குப் பத்து வயது. சிட்னியிலிருந்து பத்து மணிநேரம் காரில் போய், செம்மண் வெளியின் நடுவே ஒரு பழைய ஆட்டுப் பண்ணையில் இரண்டு நாள் தங்கினோம். அந்தக் காலத்துக் கல்வீட்டைச் சுற்றிப் பார்க்கலாம்; பின்னால் நிற்கும் கரவனில், சக்கரம் வைத்த வண்டிவீட்டில், படுக்கலாம். பண்ணைக்காரி முதலில் எங்களைக் கல்வீட்டுக் குசினிக்குக் கூட்டிப் போனாள். அடுப்புக்கு மேலே சுவரெல்லாம் கரி. நூறு வருடத்துக் கரி, ஒருவரையும் துடைக்க விட்டதில்லை என்று பெருமையாகச் சொன்னாள். யாரும் கிட்டப் போகாதபடி கயிறு வேறு கட்டியிருந்தது.

எங்கள் குடும்பத்தில் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அவள் சொல்வதையெல்லாம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மொழிபெயர்க்கும் உத்தியோகம் என்னுடையது. அதில் எனக்குத் தலைக்கனமும் இருந்தது.

கரவனுக்குள் ஏறியதும் அம்மா, வீட்டிலிருந்து கொண்டுவந்த புதுச் சட்டியில் பால் வைத்தார். புதுவீடு புகுந்தால் பால் காய்ச்சிப் பொங்க விடவேண்டும்.

"அம்மா, இது வீடில்லை. ரெண்டு நாள் வாடகை."

"நீ சும்மா இரு. இஞ்சேருங்கோ, கிழக்கு எந்தப் பக்கம்?"

"வண்டியைத் திருப்பி விடட்டோ?" என்றார் அப்பா.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அம்மா கைகூப்பினார். புகை அலாரம் கத்தத் தொடங்கியது. ஓடி வந்த பண்ணைக்காரி, அடுப்பைப் பாவிக்கத் தெரியாதவர்கள் ஏன் வருகிறீர்கள் என்று என்னிடம் கேட்டாள். இன்னொரு தடவை நடந்தால் வெளியே போகவேண்டி வரும் என்றாள்.

"என்னவாம்?" என்றார் அம்மா. "எங்கட வழக்கம் எண்டு சொல்லு பிள்ளை. ஒரு வாய் பால் குடிக்கவும் சொல்லு."

அதற்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. வெட்கம். அம்மாவுக்கு அடுப்புப் பாவிக்கத் தெரியாது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னேன். அம்மா அதற்கும் சிரித்துத் தலையாட்டி, பால் குவளையை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. பக்கத்திலேயே நின்று, கடைசிப் பொட்டுக் கருகல் வரைக்கும் அம்மாவைக் கொண்டே சுரண்டுவித்தாள். கரிக்குக் கயிறு கட்டியவள்!

"சொன்னனியோ?" என்று பிறகு கேட்டார் அம்மா.

"ஓம், எல்லாம் சொல்லிட்டன்."

அப்போது நாங்கள் சிட்னியில், ஹோம்புஷில் வேறொரு குடும்பத்தின் பிளாட்டில் ஓர் அறையில் இருந்தோம். அதற்கு முன் அகதி முகாம். உள்ளேயிருந்து பூட்ட ஒரு கதவும், யாரையும் கேட்காமல் மூட்ட ஓர் அடுப்பும் கலியாணத்துக்குப் பிறகு முதல்முறையாக அம்மாவுக்குக் கிடைத்தது அந்த இரண்டு நாள்தான். அது எனக்கு அப்போது விளங்கவில்லை.